கோக், சின்டர், பெல்லட், எஃகு: டி.இ.எம். சிமுலேஷனில் ஜோடி உராய்வுக்கு என்ன எண் கொடுப்பது?

கோக்குவியல்

அனைவருக்கும் வணக்கம். இரும்பு உருக்கும் ஊதுலையின் உச்சியில் சரக்கைச் சுழன்று கொட்டும் சூட்டை (சாய்வான கொட்டுதடம்) டி.இ.எம். முறையில், அதாவது ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகக் கணக்கிடும் முறையில், சிமுலேட் செய்துகொண்டிருக்கிறேன். எம்.டெக். ப்ராஜெக்ட். பொருட்கள் நான்கு: கோக் (சுட்ட நிலக்கரி), சின்டர் (சுட்டுக் கட்டியாக்கிய தாதுத் தூள்), பெல்லட் (உருண்டையாக்கிய தாது), சூட்டின் எஃகு லைனர் (உட்புறத் தகடு). மென்பொருள் லிக்ட்ஸ்.

பொருளின் மீள்தன்மையைச் சொல்லும் யங் குணகமும் பாய்சான் விகிதமும் பொருளுக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது, கொடுத்துவிட்டேன். உராய்வுக் குணகத்துக்கு வந்தால் 4-க்கு 4 கட்டம், மொத்தம் 16 எண் கேட்கிறது. எனக்குக் கிடைத்த அட்டவணைகளில் கோக்குக்கு ஒரு எண், பெல்லட்டுக்கு ஒரு எண் என்று ஒற்றை ஒற்றையாகத்தான் இருக்கிறது. கோக்கும் பெல்லட்டும் தொடும் இடத்துக்கு எதைப் போடுவது? கைடு சராசரி போடச் சொல்கிறார். லேப் சீனியர் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடு என்கிறார். சிறியதைப் போட்டால் போதும் என்று இன்னொருவர். மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன், குவியல் மூன்று விதமாக வருகிறது. எது சரி?

வழுநீக்கி

மூன்றுமே ஏதோ ஒரு மென்பொருளில் புழக்கத்தில் இருக்கிற விதிகள்தான் சகோ. யூனிட்டி கேம் எஞ்சினில் எதுவும் மாற்றாவிட்டால் சராசரி. பாக்ஸ்டூடி பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும். புல்லட் வெறுமனே பெருக்கிவிடும். டி.இ.எம். பக்கம் வந்தால், யேட் மென்பொருள் பொருளுக்கு ஒரு உராய்வுக் கோணம் வாங்கிக்கொண்டு இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் ஜோடிக்கு ஜோடி தனி எண்ணும் கொடுக்கலாம்.

லிக்ட்ஸ் இந்த வசதி எதையும் தராமல் கட்டத்தை நீட்டுவது வேண்டுமென்றே செய்தது. கணக்குக்காக: கட்டம் சமச்சீர், அதனால் 16-இல் தனித்தனி எண்கள் 10. லைனர் லைனரை உரசப்போவதில்லை. மிச்சம் 9.

மணல்மேடு

யங் குணகம் ஏன் பொருளுக்கு ஒன்று, உராய்வு ஏன் ஜோடிக்கு ஒன்று என்று கேட்டுப் பாருங்கள், பதில் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு உருண்டைகள் அழுந்தும்போது என்ன நடக்கும் என்பதை 1882-இல் ஹெர்ட்ஸ் மீள்தன்மைக் கோட்பாட்டிலிருந்து நேராக வருவித்தார். ஒவ்வொரு உருண்டையும் தன் பங்குக்கு அமுங்கும். இரண்டு அமுக்கத்தையும் கூட்டினால் விடை. ஆகவே அங்கே சேர்க்கும் சூத்திரம் இயற்பியலிலிருந்தே கிடைக்கிறது. மென்பொருள் அதைத் தானே போட்டுக்கொள்ளும்.

உராய்வுக்கு அப்படி ஒரு வருவித்தல் கிடையாது. உராய்வுக் குணகம் கோக்கிடமும் இல்லை, பெல்லட்டிடமும் இல்லை. இரண்டும் தொடும் இடத்தில்தான் அது பிறக்கிறது. மேடும் மேடும் ஒட்டிப் பிய்வது ஒரு பங்கு, கடினமான மேடு மென்மையான பரப்பை உழுதுகொண்டு போவது இன்னொரு பங்கு. போடனும் டேபரும் சென்ற நூற்றாண்டின் நடுவில் காட்டியது இதைத்தான். உழும் பங்கு, ஒன்று கடினமாகவும் மற்றது மென்மையாகவும் இருந்தால்தான் பெரிதாகும். கோக் மேல் கோக், பெல்லட் மேல் பெல்லட் என்று எவ்வளவு அளந்தாலும் அந்த எண்களுக்குள் அது ஒளிந்திருக்காது.

கையேடுகளில் இருக்கும் எண்ணை வைத்தே பார்க்கலாம். சுத்தமான உலர்ந்த எஃகு மேல் எஃகு சுமார் 0.7. டெஃப்லான் மேல் டெஃப்லான் 0.04. சராசரி 0.37. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.17. அளந்தால் எஃகு மேல் டெஃப்லான் 0.04. ஒன்பது மடங்கு தப்பு, நான்கு மடங்கு தப்பு!

சமன்பாடு

அப்படியானால் ‘சிறியதை எடு’ விதி சரிதானே? டெஃப்லானில் அச்சாகப் பொருந்துகிறது.

மணல்மேடு

டெஃப்லானில் பொருந்துகிறது, ஏனென்றால் அது எஃகின் மேல் தன் படலத்தைப் பூசிவிட்டு, அதன் பிறகு தன் மேலேயே நழுவுகிறது. அந்த இயக்கமுறை இருக்கும் இடத்தில் சிறியது சரி. கரடுமுரடான கடினப் பரப்பு மென்மையானதைச் சுரண்டும் இடத்தில் ஜோடியின் எண் இரண்டு தனி எண்ணையும் தாண்டலாம். ஜோடி எண் இரண்டுக்கும் நடுவில்தான் விழ வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உலைக்கரை

முப்பது வருடத்துக்கு மேல் ஊதுலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிமுலேஷன் எனக்குத் தெரியாது, சரக்கு தெரியும்.

அம்மா, நீங்கள் போடும் எண் எந்தக் கோக்குடையது என்று முதலில் சொல்லுங்கள். காய்ந்த கோக்கும் மழையில் நனைந்த கோக்கும் ஒன்றல்ல. பொடி படிந்த பெல்லட்டும் சலித்த பெல்லட்டும் ஒன்றல்ல. புது லைனரில் சரக்கு ஒரு மாதிரி வழுக்கும், ஓடி ஓடி மெருகேறின லைனரில் வேறு மாதிரி. அட்டவணை எண் எதுவும் உங்கள் உலையுடையது ஆகாது. ஒரு லைனர் துண்டும் ஒரு வாளி சரக்கும் கேட்டு வாங்கி, தட்டைச் சாய்த்து எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று பாருங்கள். அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் நீங்கள் தேடுகிற எண். இதற்கு எந்திரம் வேண்டாம்.

பெல்லட் உருண்டை என்பதை மறந்துவிடாதீர்கள். உலைக்குள் அது மையத்தைப் பார்த்து உருண்டுவிடும். அதனால்தான் பெல்லட் பங்கை ஏற்றும்போதெல்லாம் கொட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சமன்பாடு

ஐயா சொன்ன சாய்தட்டில் பெல்லட்டை அப்படியே வைத்தால் ஒன்றும் அளக்க முடியாது. கணக்கு இதோ.

திடமான உருண்டை நழுவாமல் உருள, உராய்வுக் குணகம் சாய்வின் டேன் மதிப்பில் 7-இல் 2 பங்கு இருந்தாலே போதும். 30 டிகிரி சாய்வுக்கு அது 0.165. குணகம் 0.3 என்றாலும் 0.5 என்றாலும் 0.9 என்றாலும் உருண்டை ஒரே முடுக்கத்தில் உருளும், புவியீர்ப்பின் சாய்வுப் பகுதியில் 7-இல் 5 பங்கு. குணகம் எந்தத் தடயமும் விடாது. தட்டிலும் இப்படித்தான், சிமுலேஷனிலும் இப்படித்தான்.

மூன்று பெல்லட்டை முக்கோணமாக ஒட்டித் தட்டில் வையுங்கள். உருள முடியாது, நழுவத்தான் வேண்டும். அந்தக் கோணம்தான் நம்பத்தக்கது. இடத்தை மாற்றி, வேறு பெல்லட்டுகளை எடுத்துப் பலமுறை செய்து, எவ்வளவு சிதறுகிறது என்பதையும் குறித்து வையுங்கள். பின்னால் அந்தச் சிதறல் சராசரியைவிட அதிகம் பயன்படும்.

கோக்குவியல்

மிக்க நன்றி ஐயா, நன்றி எல்லாருக்கும். லைனர் துண்டு கேட்டு எழுதியிருக்கிறேன். பெல்லட்டை ஒட்டி அளப்பது புரிந்தது.

இரண்டு சந்தேகம். கோக்குக்கும் பெல்லட்டுக்கும் தட்டு எது? கோக்கை அறுத்துத் தட்டையாக்கினால் அது வேறு பரப்பு ஆகிவிடாதா? அடுத்து, இந்த 9 எண்ணும் கட்டத்தில் சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது? பெரிய சிமுலேஷனில் ஒன்றும் தெரிவதில்லை.

வழுநீக்கி

இரண்டாவதுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. புதிதாக எந்த உராய்வு மாடல் எழுதினாலும் நான் முதலில் ஓட்டும் சோதனை இது.

தட்டையான சுவர், ஒரே ஒரு உருண்டை. முதலில் தன் எடையில் அது அமைதியாக உட்காரட்டும், துள்ளல் அடங்கட்டும். பிறகு சுழற்சி இல்லாமல் பக்கவாட்டில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் கொடுங்கள். உருண்டை நழுவத் தொடங்கும், உராய்வு அதைச் சுழற்றும், ஒரு கட்டத்தில் நழுவல் நின்று உருளல் மட்டும் மிஞ்சும். அப்போது வேகம் தொடக்க வேகத்தில் 7-இல் 5 பங்கு, அதாவது 0.714. குணகம் எதுவானாலும் இது மாறாது. நழுவல் நிற்க ஆகும் நேரம் மட்டும் மாறும்: தொடக்க வேகத்தின் இரண்டு மடங்கை, 7 பெருக்கல் குணகம் பெருக்கல் புவியீர்ப்பால் வகுக்க வேண்டும். 0.3 என்றால் 0.097 வினாடி. 0.5 என்றால் 0.058 வினாடி.

ஒரே சோதனையில் இரண்டு விஷயம் கிடைக்கிறது. கடைசி வேகம் 0.714 வராவிட்டால் சுழற்சிக் கணக்கில் கோளாறு. நேரம் பொருந்தாவிட்டால் குணகம் தவறான கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. லிக்ட்ஸில் சுவருக்கும் ஒரு பொருள் எண் கொடுக்கலாம் அல்லவா, அதனால் சுவரைப் பெல்லட் என்றும் உருண்டையைக் கோக் என்றும் வைத்தே ஓட்டலாம். ஒன்பது ஜோடிக்கும் ஒன்பது குட்டி ஓட்டம். ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு எண் கொடுத்து ஓட்டுங்கள், அப்போதுதான் இடம் மாறியது கண்ணில் படும்.

உருளல் உராய்வை மட்டும் இந்தச் சோதனையில் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் உருண்டை மெல்ல மெல்ல நின்றுவிடும், 7-இல் 5 வராது.

சமன்பாடு

அருமையான சோதனை. ஒன்று சேர்க்கிறேன். 1979-இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் கொடுத்த முறையில் ஒவ்வொரு தொடுகையிலும் பக்கவாட்டில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நழுவும் வரை ஸ்பிரிங் இழுபடும். அதன் விசை, குணகம் பெருக்கல் அழுத்து விசை என்ற எல்லையைத் தொட்டால் அங்கேயே வெட்டப்படும். விசையை வெட்டும்போது ஸ்பிரிங்கின் நீளத்தையும் அந்த எல்லைக்கு ஏற்பச் சுருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நழுவல் தொடரத் தொடர ஸ்பிரிங் நீண்டுகொண்டே போகும், திசை திரும்பும்போது உராய்வு தப்பான பக்கம் தள்ளும். சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். உருண்டையை ஒரு பக்கம் ஓடவிட்டு எதிர்த்திசையில் வேகம் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

வழுநீக்கி

ஆமாம். சூட் முக்கோண மெஷ்ஷாக இருக்கும்போது இன்னொன்று உண்டு. துகள் ஒரு முக்கோணத்திலிருந்து பக்கத்து முக்கோணத்துக்கு நழுவும்போது அந்த ஸ்பிரிங்கின் நினைவும் கூடவே போக வேண்டும். போகாவிட்டால் ஒவ்வொரு விளிம்பிலும் உராய்வு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க லைனர் வழுக்கலாகிக்கொண்டே போனால் காரணம் இதுதான். ஒரே சூட்டை இரண்டு மெஷ் அளவில் ஓட்டி ஒப்பிடுங்கள். சூட் சுழல்வதால் சுவரின் வேகமும் ஒப்பு வேகத்தில் கழிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

துகள்நேயன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? உராய்வு மட்டும் 9 எண். உருளல் உராய்வும் ஜோடிக்கு ஒன்று, மீள்கெழுவும் (மோதினால் எவ்வளவு துள்ளும் என்ற எண்) ஜோடிக்கு ஒன்று. ஆக 27. எந்த மாணவியாலும் 27-ஐயும் அளக்க முடியாது. கலப்பு ஜோடிகளுக்குச் சராசரி போட்டுவிட்டு ஆய்வை முடிப்பதில் குற்றமில்லை என்பது என் கருத்து. தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மணல்மேடு

27-ஐயும் அளக்க முடியாது என்பதில் உடன்படுகிறேன். அதற்காகச் சராசரி போட்டுவிட்டுப் போவதில் உடன்பட மாட்டேன். எந்த எண் விடையை நகர்த்துகிறது என்று முதலில் தேட வேண்டும், அந்த எண்ணுக்கு மட்டும் உழைக்க வேண்டும். ஒரு ஜோடியை 0.2-லிருந்து 0.6-க்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். குவியலோ விழும் இடமோ நகரவில்லை என்றால் அந்த ஜோடிக்குச் சராசரி போடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். நகர்ந்தால் அளந்தே ஆக வேண்டும்.

லைனர் ஜோடிகள் நகர்த்தும் என்று கையாலேயே காட்டலாம். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்த 4 மீட்டர் சூட்டில் ஒற்றைப் பெல்லட். குணகம் 0.3 என்றால் நழுவிக்கொண்டு சுமார் 7.5 மீட்டர் வேகத்தில் வெளியே வரும். 0.5 என்றால் அந்தச் சாய்வுக்குத் தேவையான 0.495-ஐத் தாண்டிவிட்டது, ஆக உருண்டுகொண்டு சுமார் 7 மீட்டர் வேகத்தில் வரும். வினாடிக்கு அரை மீட்டர் வித்தியாசம். உலைக்குள் விழும் இடம் அதற்கேற்ப நகரும். 0.5-க்கு மேல் எதைப் போட்டாலும் இந்த ஒற்றை உருண்டைக்கு ஒன்றும் மாறாது. ஆகவே லைனர் எண்ணை 0.3 பக்கம் துல்லியமாக அளப்பதற்குப் பொருள் இருக்கிறது, 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் சண்டை போடுவதற்கு இல்லை.

குவியலிலும் இதே கதை. உருண்டைகளாக மாடல் செய்தால் சறுக்கு உராய்வை 0.5-க்கு மேல் ஏற்றினாலும் குவியல் கோணம் பெரிதாக ஏறாது. நழுவ விடாவிட்டால் துகள் உருண்டு இறங்கிவிடும். அங்கிருந்து மேலே கோணத்தைத் தூக்குவது உருளல் உராய்வுதான்.

கோக்குவியல்

எனக்கு இங்கேதான் குழப்பம். சறுக்கு உராய்வைக் கூட்டி உருளல் உராய்வைக் குறைத்தாலும், அதைக் குறைத்து இதைக் கூட்டினாலும், கோக்குக்கு அதே குவியல் கோணம் வருகிறது. எந்த ஜோடி எண் உண்மை?

மணல்மேடு

குவியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். இரண்டாவது சோதனை வேண்டும். வடித்துக் கொட்டும் சோதனை இதற்கு நல்லது: மேல் பெட்டியின் அடியைத் திறந்தால் சரக்கு கீழ்ப் பெட்டியில் விழும். மேலே மிஞ்சும் சரிவின் கோணம், கீழே எழும் குவியலின் கோணம், வடிய ஆகும் நேரம், விழுந்த எடை என்று நான்கு அளவு ஒரே தடவையில் கிடைக்கும். மேல் சரிவு வெட்டி நழுவுவதால் ஆவது, கீழ்க் குவியல் விழுந்து உருள்வதால் ஆவது. இரண்டு உராய்வும் இரண்டையும் வேறு வேறு அளவில் பாதிக்கும், அதனால் பிரித்தெடுக்க வழி உண்டு.

கோக்குக்கு உருளல் உராய்வு எண்ணை உண்மைப் பரப்பின் குணமாக நினைக்க வேண்டாம். கோக் கோணல்மாணலானது, உருண்டை அல்ல. அந்த வடிவத்துக்குப் பதிலாகத்தான் உருளல் உராய்வைப் போடுகிறோம். குவியல் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் மாறாத திருப்புவிசை மாடலைத் தவிருங்கள், நின்ற துகளையும் அது இங்குமங்கும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் உள்ள மாடலை எடுங்கள்.

சமன்பாடு

உருளல் உராய்வில் ஒரு நுணுக்கம். திருப்புவிசையின் எல்லையில் பயனுறு ஆரம் வருகிறது. சம அளவான இரண்டு உருண்டைகள் தொட்டால் அது ஆரத்தில் பாதி. உருண்டை சுவரைத் தொட்டால் முழு ஆரம். ஆக கோக்-கோக், கோக்-லைனர் இரண்டுக்கும் ஒரே உருளல் எண் கொடுத்தாலும், லைனரின் மேல் எதிர்ப்பு இரண்டு மடங்கு. கோக்கின் குவியலில் ஒத்துப்போன எண்ணை அப்படியே லைனர் கட்டத்துக்கு நகர்த்தாதீர்கள்.

துகள்நேயன்

மணல்மேடு சொன்ன முறையில் எனக்கு மறுப்பு இல்லை. நகர்த்தாத ஜோடிக்குச் சராசரி, நகர்த்தும் ஜோடிக்கு அளவீடு. அறிக்கையில் எது அளந்தது, எது ஊகம் என்று கட்டத்துக்குக் கட்டம் எழுதிவிட்டால் படிக்கிறவருக்கு நியாயம் செய்ததாகும்.

உலைக்கரை

கோக்-பெல்லட் ஜோடியை அறுத்த தட்டில் அளக்க வேண்டாம் அம்மா. கோக்கின் மேல்தோல்தான் சரக்கு, அறுத்த உள்பக்கம் அல்ல. ஒரு தொட்டியில் கோக்கைப் பரப்புங்கள். அடியில்லாத ஒரு மரச்சட்டத்தை அதன் மேல் வைத்து பெல்லட்டால் நிரப்புங்கள். ஸ்பிரிங் தராசு மாட்டி மெல்ல இழுங்கள். மேலே எடை ஏற்றி ஏற்றி இழுத்துப் பாருங்கள். எடைக்கு எதிராக இழுவிசையை வரைந்தால் ஒரு கோடு வரும், அந்தச் சரிவு உங்களுக்கு வேண்டியது. சட்டத்தின் விளிம்பு கோக்கைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி இருக்கட்டும்.

சமன்பாடு

மிக நல்ல யோசனை ஐயா. அந்தச் சரிவை நேராக கோக்-பெல்லட் கட்டத்தில் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்ல வேண்டும். அது இரண்டு அடுக்கின் உராய்வு, இரண்டு துகளின் உராய்வு அல்ல. அதே சட்டத்தை, அதே எடைகளைச் சிமுலேஷனிலும் கட்டி இழுத்து, அதே சரிவு வரும்வரை ஜோடி எண்ணை நகர்த்த வேண்டும்.

கோக் 50 மி.மீ. உருண்டை என்று வைத்தால், ஒன்றையொன்று தொடும் மூன்று கோக்கின் நடுவிலுள்ள கழுத்து சுமார் 7.7 மி.மீ. பெல்லட் பெரும்பாலும் 8-லிருந்து 16 மி.மீ. ஆகவே நெருக்கமாக அடுக்கிய கோக்கினூடே பெல்லட் உள்ளே இறங்கிவிடாது, மேல்பள்ளங்களில் போய் உட்காரும். உட்கார்ந்த பெல்லட்டின் மேல்தான் மற்ற பெல்லட் நழுவும். அப்படியானால் வெட்டும் தளம் பெல்லட் அடுக்குக்குள்ளேயே ஏறிவிடலாம், கோக்-பெல்லட் எண் எதுவானாலும் இழுவிசை மாறாமல் இருக்கலாம்.

கோக்குவியல்

சட்டத்தைச் சிமுலேஷனில் கட்டி ஓட்டிவிட்டேன். நிஜச் சட்டம் இன்னும் தயாராகவில்லை. கோக்-பெல்லட் எண்ணை 0.2, 0.4, 0.6 என்று மாற்றினேன். 0.2-க்கு இழுவிசை தெளிவாகக் குறைகிறது. 0.4-க்கும் 0.6-க்கும் வித்தியாசம், திரும்ப அடுக்கி ஓட்டினால் வரும் சிதறலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பெல்லட்-பெல்லட் எண்ணை நகர்த்தினால் மூன்று இடத்திலும் இழுவிசை நகர்கிறது. நழுவும் சோதனையும் ஒன்பது ஜோடிக்கும் ஓட்டினேன், நேரங்கள் கணக்கோடு பொருந்துகின்றன.

மணல்மேடு

அப்படியானால் உங்கள் வேலை பாதி குறைந்தது. கோக்-பெல்லட் எண் 0.4-க்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சட்டத்தால் உறுதி செய்யுங்கள். கிடைக்கும் நேரத்தை பெல்லட்-பெல்லட்டுக்கும் பெல்லட்-லைனருக்கும் கொடுங்கள். சின்டர் ஜோடிகளுக்கும் இதே வரிசையில் ஓட்டுங்கள். சின்டரில் 5 மி.மீ. பொடிசும் உண்டு, அது கழுத்து வழியே கோக்குக்குள் இறங்கும், ஆகவே அங்கே விடை வேறாக வரலாம்.

உலைக்கரை

சட்டத்தை இழுக்கும்போது கோக்கை ஒரு தடவை காய்ந்ததாகவும் ஒரு தடவை நனைத்தும் செய்யுங்கள் அம்மா. எந்த மாதத்துச் சரக்கு என்று நோட்டில் எழுதிவையுங்கள்.